குணாளனின் வெள்ளையணுக்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் கார் நிறுத்த இடம் தேடுவதற்குள் பாதி உயிர் போய்விடும். அதனால் நடந்தே வந்தேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

குணாளனைப் பற்றிக் கேட்கிறீர்கள். நல்ல பையன். என் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பிரமிளாவின் தம்பி. ஜுருவில் கார் பழுது பார்த்தவன். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் இரத்தம் வேண்டும் என்றபோது அவள்தான் அழைத்துவந்தாள்.

எங்களுடையது ராமன் விளைவை வைத்துச் செல்லைப் படமெடுக்கும் முறை. மற்றவர்கள் செல்லுக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். சாயம் பட்ட செல் பெரும்பாலும் தேறாது. எனக்கு அது அருவருப்பு. உயிருள்ள செல்லின் மேல் லேசர் ஒளியை மட்டும் விடுவேன். சிதறி வரும் ஒளியின் நிறமாற்றமே, சவ்வில் எந்தக் கொழுப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும். தொடாமல், கெடுக்காமல் பார்க்க வேண்டும். இதுதான் என் தொழில் தர்மம்.

குணாளனின் வெள்ளையணுக்களில் இருக்கக் கூடாத கொழுப்பு ஒன்று இருந்தது. மூளையை மெல்ல அரிக்கும் பரம்பரை நோய், மிக அரியது. ஆரம்பத்திலேயே பிடித்தால் மாத்திரையிலேயே அடக்கிவிடலாம். ஆனால் மாத்திரை போட்டால் அந்தக் கொழுப்பு வடிந்துவிடும். அது சவ்வில் எப்படிப் பரவுகிறது என்பதை ஒரே ஆளிடம் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு இன்னொருமுறை எனக்கு வராது. பார்க்க ஆசைப்பட்டேன்.

அவனை அடிக்கடி வரச்சொன்னேன். முதலில் நடை தடுமாறியது. பிறகு கையில் ஸ்பேனர் நிற்கவில்லை, வேலை போயிற்று. நாக்கு குழறத் தொடங்கியபோது பிரமிளா அவனைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்தாள். மருத்துவமனைகளில் நரம்புத் தளர்ச்சி என்றே சொல்லி அனுப்பினார்களாம்.

“ஒங்க மெஷின்ல ஏதாச்சும் தெரியுதா டாக்டர்?” என்று கேட்டாள்.

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்மா,” என்றேன். அது பொய்யில்லை. படங்கள் முறைக்கு முறை அழகாகிக்கொண்டே வந்தன.

போன மாதம் அவன் இறந்தான். பிரமிளா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

நோயை ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். சொன்னேன். முதல் படம் வந்த அன்றே அவன் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

“என்னாண்ணே தெரியுது?”

“ஒனக்குக் கொழுப்புடா.”

“எங்க அக்காவும் அதான்ணே சொல்லும் லா,” என்று சிரித்தான். பிரமிளாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வேறு ஏதாவது கேட்பான் என்று காத்திருந்தேன். அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அதனால், உங்கள் விசாரணை அறிக்கையில் மறைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவன் தாய்மொழியிலேயே சொன்னேன்.