வானத்தைக் குறைத்து முகத்தைக் கூட்டிய படம்

"வானத்தக் கொறச்சேன், முகத்தக் கூட்டுனேன். வேற ஒண்ணும் பண்ணலக்கா."

ஆண்டிபட்டியில் நான் ஏறிய தேனி பஸ்ஸில், முன் சீட்டில் இப்படி ஒரு பேச்சு. சொன்னவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறாராம். பக்கத்தில் அவருடைய அக்கா, ஜன்னலோரம் அக்கா மகள். அந்தப் பெண்ணைப் பார்க்க, தேனியில் சொந்தக்காரர் வீட்டுக்கு இன்று மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம்.

"எம்புள்ள நெறம் எனக்குத் தெரியாதாடா? நீ அவுகளுக்கு அனுப்புன படத்துல பால்கோவா மாதிரில்ல இருக்கா."

"வைகை அணையில எடுத்தது. பின்னால வானம் பளீர்னு இருந்துச்சு, இவ முகம் இருட்டாத் தெரிஞ்சுச்சு. வானத்த அடக்கிட்டு முகத்துக்கு வெளிச்சம் ஏத்துனேன். கை கொஞ்சம் கூடிருச்சு."

"நேருல பாத்துட்டு, இது அந்தப் பொண்ணு இல்லன்னு எந்திரிச்சுப் போனாகன்னா? அத்தன பேரு முன்னால எம்புள்ள மூஞ்சிய எங்கன கொண்டு போயி வைப்பா?"

"பவுடரக் கொஞ்சம் கூடப் போட்டு விடுக்கா."

"அதுக்கும் நீயே வந்து வெளிச்சம் ஏத்து."

ஜன்னலோரப் பெண் அப்போதுதான் திரும்பினாள்.

"அம்மா, மாமா கை வைக்காத படத்த நான் அன்னைக்கே மாப்பிள்ளையோட அக்காவுக்கு அனுப்பிட்டேன். அதப் பாத்துட்டுத்தான் வாராக."

அந்த அம்மா தம்பி பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்.

"அப்ப எதுக்குடா வாராக? பையனுக்கு என்ன கொறையோ?"