இந்தப் பெட்டி யார் அட்டையில்?

மேடையிலிருக்கும் பாதிரியார் அவர்களே, சங்கத் தோழர்களே, ஸ்ட்ராபெரி வயலிலிருந்து சேற்றுக் காலணியோடு நேரே வந்திருக்கும் பஹாரோ பள்ளத்தாக்கின் மக்களே! மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போய்விட்டார். நம் பெண்களின் தலைவி, நாம் மரியாதையோடு 'தோன்யா' என்றழைத்த ஒத்தீலியா அம்மா போய்விட்டார்!

அவர் உழைக்காதவரா? இந்தக் கலிபோர்னியா மண்ணில் பதினைந்து ஆண்டுகள் குனிந்து பழம் பறித்தார். ஆனால் நம் வழக்கம் என்ன? மனைவி நிரப்பிய பெட்டிக்கும் கணவரின் கூலிக் கணக்கு அட்டையில்தான் மேஸ்திரி துளை போடுவார். கூலியும் அவர் பெயரில்தான். அரசுப் பதிவில் ஒத்தீலியா அம்மா ஒருநாள்கூட வேலை செய்யாதவர்!

கையை முறித்த கணவரை அவர் விவாகரத்து செய்தார். கிரீன் கார்டு வந்த மறு ஆண்டு, முதுகு ஒத்துழைக்காமல், அரசின் உணவு உதவி கேட்கப் போனார். மொழிபெயர்க்க நானும் போனேன். கார்டு வாங்கி ஐந்தாண்டு ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் பத்தாண்டு வேலை செய்த பதிவு வேண்டும் என்றார் அதிகாரி.

"விவாகரத்து வாங்காம இருந்திருந்தா, கல்யாணமான நாள்லேர்ந்து உங்க வீட்டுக்காரர் வேலை செஞ்ச வருஷமெல்லாம் உங்களுக்கும் சேர்ந்திருக்கும்மா."

"அப்ப திங்க ஒரு டோர்ட்டியா ரொட்டி வேணும்னா திரும்பப் போய் அடி வாங்கணுமா? மகளே, இத அப்படியே இங்கிலீஷ்ல சொல்லு."

சொன்னேன். அதிகாரி மனுவைத் திருப்பி நீட்டினார்.

அதன்பின் தினமும் விடியலில் அவர் வரப்பில் வந்து நின்றார். "ஏம்மா, இந்தப் பெட்டி யாரு அட்டையில?" என்று ஒவ்வொரு பெண்ணையும் கேட்டார்.

"ஒரே வீட்டுக் காசுதானே கெழவி, யார் அட்டையில விழுந்தா என்ன?" என்றார் ஒருவர்.

"அப்படியா ராசா? அப்ப உன் பெட்டியையும் உன் பொண்டாட்டி அட்டையில போடேன்!"

வயலே சிரித்தது. ஆனால் யாரும் அட்டையை மாற்றவில்லை.

ஐந்தாண்டு முடியுமுன்பே அவர் இறந்துவிட்டார். சர்க்கரை நோய் என்கிறது சான்றிதழ். தானமாக வந்த ரொட்டியைத் தவிர அவருக்குத் தின்ன வேறொன்றும் இல்லை என்பதை யார் எழுதுவார்?

அப்பா, மூன்றாவது வரிசையில் இருக்கிறீர்கள். அன்று வரப்பில் "யார் அட்டையில விழுந்தா என்ன?" என்று கேட்டவர் நீங்கள்தான். நீங்கள் அம்மாவை அடித்ததில்லை. அம்மா உங்களை விட்டுப் போகப்போவதுமில்லை. ஆனாலும் நாளைக் காலை மேஸ்திரியிடம் அம்மா பெயரில் தனி அட்டை கேட்கப் போகிறோம். நீங்களும் வாருங்கள்.

மக்களே! ஒத்தீலியா அம்மா நின்ற வரப்பில் இனி நான் நிற்பேன். என் குரல் சின்னதுதான். பக்கத்தில் வந்தே கேட்கிறேன்: "அக்கா, இந்தப் பெட்டி யாரு அட்டையில?"