சேறு படாத வேட்டி

துறைமுகத்தடிச் சங்கக்கடையில் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அக்காவும் தங்கையும் வயோதிபர் மடத்தில் தகப்பனைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

"அக்கா, அப்பாவின்ர வேட்டியில ஒரு பொட்டுச் சேறும் இல்லை," என்றாள் இளையவள்.

"துப்பரவா வைச்சிருக்கினம். அதுவும் குறையோ?"

"நேற்றுப் பின்னேரம் பிளேன் வருகுதெண்டு சங்கு ஊதினதெல்லோ. மடத்துப் பதுங்குகுழியில முழங்காலளவு மழைத்தண்ணி நிக்குது. அவரை அதுக்குள்ள இறக்கினவை எண்டால் சேறு எங்க?"

"இறக்கினவை எண்டு அப்பாவே சொன்னவர். பிறகு வேட்டி மாத்தியிருப்பினம்."

"மாத்தேல்லை. முந்தநாள் நான் கட்டிவிட்ட அதே வேட்டிதான். கிழிசலில என்ர தையல் இருக்கு."

மூத்தவள் கூப்பனை மடித்தாள், விரித்தாள். "அப்ப ஏன் பொய் சொல்லுறார்?"

"தன்னை வீட்டைக் கூட்டிக்கொண்டு போக எங்களால ஏலாதெண்டு அவருக்குத் தெரியும்."

அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. வரிசை கலைந்து கடையடிப் பதுங்குகுழிப் பக்கம் ஓடியது. மூத்தவள்தான் முதலில் மடத்துப் பக்கம் திரும்பி ஓடினாள், பின்னால் இளையவள்.

நான் குழிக்குள் குதித்தேன். ஏறி வரும்போது இடுப்பில் கட்டியிருந்த என் சாரமெல்லாம் சேறு.