பாலத்தின் வாலில் உட்கார்ந்தவர்கள்

முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு. மண்டப வாசலில் பழுப்பு நிறத்தில் ஒற்றைச் செருப்பு ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. இடது கால். உரியவர் தம் வலது காலை அடையாளமாகக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம். இத்துயரச் செய்தியோடு என் உரையைத் தொடங்குகிறேன்.

தலைமை நாற்காலியைத் தன் அனுபவத்தாலும் எடையாலும் அழுத்திப் பிடித்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் வேதாந்தம் மாமா அவர்களே, மின்விசிறிக்கு நேர்கீழே முன்கூட்டியே இடம்பிடித்த முதியோரே, ஞாயிற்றுக்கிழமை சமையலைப் பாதியில் விட்டு வந்திருக்கும் தாய்மாரே, என் தோழனும் என் தவறுகளின் பங்குதாரனுமான ராகேஷே, கால்வாயின் அக்கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் சுற்றிவந்து கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கபுஷ்பம் அக்கா அவர்களே, அவரைத் தன் ஆட்டோவில் அழைத்துவந்த கணவர் கதிரேசன் அண்ணன் அவர்களே, பதினொன்றாம் வகுப்பு நிரஞ்சனின் பணிவான வணக்கம்.

தலைவர் கையைக் காட்டுகிறார். "அஞ்சு நிமிஷம்தான்டா" என்கிறார். மாமா, பாலம்தான் விழுந்துவிட்டது, பேச்சாவது முழுசாக நிற்கட்டும்.

பெரியோர்களே, இருபத்து நான்கு அடி. நம் தெருமுனைக் கால்வாயின் அகலம் அவ்வளவுதான். அதன் மேல் ஒரு நடைபாலம் இருந்தது. ஆபத்தானது என்று இரண்டு வருடத்துக்கு முன் இடித்தார்கள். இடித்த கை எடுத்த கைதான், திரும்பக் கட்ட வரவில்லை. அக்கரையில் அக்கா வீடு. இக்கரையில், இதே தெருவில், டயாலிசிஸ் சென்டர். வாரத்துக்கு மூன்று முறை அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஜன்னலைத் திறந்தால் சென்டரின் பெயர்ப்பலகை தெரிகிறது. அதை அடைய மயிலாப்பூர் நெரிசலில் முக்கால் மணி நேரம். திரும்பும்போது அக்காவுக்குத் தலை நிற்காது, ஆட்டோ நின்றுகொண்டே இருக்கும். இது தூரமா, துரோகமா?

அப்போதுதான் அடியேன் அறிவுக்கண்ணைத் திறந்தேன். யூடியூப்பையும் திறந்தேன்.

கேளுங்கள். முதல் உலகப்போரில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் இங்க்லிஸ் என்பவர், குழாய்களைக் கோத்து, சிப்பாய்கள் தூக்கிப்போய் மாட்டக்கூடிய பாலம் ஒன்றை வடிவமைத்தார். பிறகு டாங்கி வந்தது. டாங்கி தடித்தது. பாலங்கள் திணறின. இரண்டாம் போரின்போது டொனால்ட் பெய்லி என்ற சாதாரண அரசு ஊழியர், கைக்குக் கிடைத்த காகிதத்தில் ஒரு படம் கிறுக்கினார். பழைய கடித உறை என்கிறார்கள். பத்தடி நீளம், ஐந்தடி உயரம், ஒரு எஃகுச் சட்டம். ஆறு பேர் தூக்கலாம். சாதாரண லாரியில் ஏற்றலாம். சட்டத்தோடு சட்டத்தை வைத்து ஒரு ஊசியைச் செருகினால் பாலம் நீளும். கிரேன் வேண்டாம், வெல்டிங் வேண்டாம். இத்தாலியில் மட்டும் மூவாயிரத்துக்கு மேல் போட்டார்கள். எதிரி உடைத்துக்கொண்டே போனான், இவர்கள் போட்டுக்கொண்டே போனார்கள். அவ்வளவு ஏன், நம் மெட்ராஸ் பெயரைச் சுமக்கும் ராணுவப் பொறியாளர் படை, வயநாட்டு நிலச்சரிவின்போது நூற்றுத் தொண்ணூறு அடிப் பாலத்தை இரண்டு நாளுக்குள் போட்டது. யுத்தத்துக்குப் பாலம் உண்டு, வெள்ளத்துக்குப் பாலம் உண்டு, ஒரு பெண்ணின் ரத்தத்தில் ஏறும் யூரியாவுக்கு மட்டும் பாலம் கிடையாதா?

கைதட்டாதீர்கள். தட்டுகிற அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

ராகேஷின் அப்பாவுக்கு ரங்கநாதன் தெருவில் துணிக்கடை. கடையைப் புதுப்பித்தபோது வரிசையாக ஓட்டை போட்ட இரும்புச் சட்ட அலமாரிகளைக் கழித்துப்போட்டார். நாங்கள் பார்த்தோம். சட்டம் இருக்கிறது, ஓட்டை இருக்கிறது, போல்ட் இருக்கிறது. "மச்சி, இது அலமாரி இல்ல, பெய்லி" என்றேன். "பெயிலா? அது நமக்கு நல்லா வரும்டா" என்றான் அவன். கோடைவிடுமுறை முழுதும் முடுக்கினோம். தலைமைப் பொறியாளன் யார்? இந்த நிரஞ்சன். கணக்குப் போட்டது யார்? இந்த நிரஞ்சன். கையைக் கிழித்துக்கொண்டது யார்? சரி, அது ராகேஷ்.

பெய்லியின் பெரிய சூட்சுமம் என்ன தெரியுமா? அக்கரையில் ஒரு ஆளும் தேவையில்லை. பாலத்தை நம் கரையிலேயே கட்டி, உருளைகளின் மேல் வைத்து, முன்னால் இலேசான மூக்கு ஒன்றை மாட்டி, அப்படியே தள்ள வேண்டும். மூக்கு அக்கரையைத் தொடும்வரை வால் பக்கம் கனமாக இருக்க வேண்டும். இதுதான் விதி, இது ஒன்றுதான் விதி. துணி சுற்றிவந்த குழாய்கள் எங்கள் உருளைகள். கனத்துக்கு? நீங்கள்தான். சென்ற மாதம் இரண்டாம் ஞாயிறு, பன்னிரண்டு பெரியோர் பாலத்தின் வாலில் வரிசையாக உட்கார்ந்தீர்கள். "யாரும் அசையப்படாது, மூச்சு மட்டும் விட்டுக்கோங்கோ" என்றார் மாமா. நாங்கள் தள்ளினோம். பத்தடி. பதினைந்தடி. இருபதடி. அக்கரையில் அக்கா சென்டர் பையோடு நின்றிருந்தார். "வா நைனா, வா, வந்துக்கினே கீது" என்று கதிரேசன் அண்ணன் கையை நீட்டினார்.

அப்போது கரையோரம் வைத்திருந்த சங்கத்து மைக்கில் ஒரு குரல். சுண்டல் தயார், முதலில் வருவோருக்கு முதலில்.

பன்னிரண்டு பேரும் எழுந்தீர்கள். திருவிழா வரிசையில் பழகிய கால்கள், தானாக எழுந்தன. வால் தூக்கியது, மூக்கு குனிந்தது, மொத்தப் பாலமும் கால்வாயில் தலைகுப்புற விழுந்தது. யாருக்கும் காயமில்லை. அந்தச் சத்தம் அடங்கியபின் அக்கரையிலிருந்து ஒரு கேள்வி மட்டும் கேட்டது. "இன்னா கதிரு, அவ்ளோதானா?"

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். இரும்பை அள்ளிப்போனார்கள். அனுமதியில்லாமல் இனி ஒரு குச்சியும் வைக்கக்கூடாது என்றார்கள். புதுப் பாலம் எப்போது என்றோம். அடுத்த வருடம் என்றார்கள். போன வருடமும் அதையேதான் சொன்னார்கள். பெய்லியின் சட்டங்கள் உலகப்போரைத் தாண்டின, எங்கள் சட்டங்கள் ஒரு சாக்கடையைத் தாண்டவில்லை. எனக்கு இனி எந்த யோசனையும் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நம்பிக்கையும் இல்லை.

அன்றிலிருந்து நீங்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்கிறீர்கள். வேதாந்தம் மாமாதான் முதலில் எழுந்தார் என்று நானும் தெரு முழுக்கச் சொன்னேன். ஆனால் நேற்று கதிரேசன் அண்ணன் என்னிடம் வேறொன்று சொன்னார். அக்கா இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகவில்லையாம். "எனக்குன்னு போட்ட பாலம்கூட நிக்கல. என் ராசி அப்டி. இனிமே ஊசியும் வாணாம், ஒண்ணியும் வாணாம்" என்று படுத்துவிட்டாராம். இன்று இந்தக் கூட்டத்துக்கே அவரைக் கெஞ்சித்தான் கூட்டிவந்திருக்கிறார்.

ஐந்து நிமிடம் கேட்டுப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டவனைப் பொறுத்த பெருமக்களே, உங்கள் காதுகளுக்கு என் நன்றி. கும்பிட்டுவிட்டு இறங்குவதற்கு முன் ஒரே ஒரு வார்த்தை.

அந்த மைக்குரல் என்னுடையது. மூக்கு தொடப்போகிறது என்ற பெருமை தாங்கவில்லை, தள்ளுவதை விட்டு, மைக்கைப் பிடித்து, குரலை மாற்றி ஒரு சின்னக் கலாய்ப்பு. தலைமைப் பொறியாளனுக்கு வால் எதற்கு என்பதே அந்த நிமிடம் மறந்துபோனது. மாமா, மன்னிச்சுக்கோங்கோ. அன்று சுண்டலே கிடையாது.

தங்கபுஷ்பம் அக்கா, அது உங்க ராசி இல்லக்கா. என் வாய். நாளைக்குத் திங்கள், உங்க முறை. போயிட்டு வாங்கக்கா.

வணக்கம்.