திரும்பிய தலையும் திரும்பாத கண்ணும்

பேரன்புடையீர்! முதற்கண் ஒரு துயரச் செய்தி. சென்ற சனிக்கிழமை காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு, நம் மார்ஷ்பி ஊரின் மூத்த குடிமகளும் திரு. பெல் இல்லத்துச் செல்லப் பூனையுமாகிய கிளமென்டைன், ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டாள். ஒரு நிமிடம் மௌனம் காப்போமா? வேண்டாமா? அரை நிமிடமாவது?

அந்த அரை நிமிடத்துக்கும் கடிகாரத்தைக் காட்டும் அவைத்தலைவி திருமதி காதோர்ன் அவர்களே, ஆறு பக்கப் புகார் எழுதிய களைப்போடு முன்வரிசையில் வீற்றிருக்கும் திரு. பெல் அவர்களே, கேக் சுட்டுக் கொண்டுவந்திருக்கும் தாய்மார்களே, அந்தக் கேக்குக்காகவே வந்திருக்கும் பெரியோர்களே, கீரன் டாஸ்கரின் வணக்கம். வயது பதினாறு. மொபெட் அடிப்படைப் பயிற்சியை ஒரே நாளில், ஒரே முயற்சியில் முடித்துச் சான்றிதழ் வாங்கிய சாதனையாளன் நான். கைதட்டத் தடையில்லை.

இன்றைய தீர்மானம் என்ன? இந்த மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தில் சனிதோறும் பெர்னி அம்மையார் நடத்தும் அந்தப் பயிற்சியை ஒழிப்பது. காரணம் என்ன? ஹார்ன் சத்தம்! பெல் என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கு ஹார்ன் ஆகவில்லை.

அந்த ஒரு நாள் பயிற்சி இல்லாமல், சிவப்பு எல் பலகை மாட்டினாலும் நாங்கள் சாலையில் இறங்க முடியாது. சட்டம் அப்படி. நல்ல சட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த இடம் போனால் அடுத்த இடம் எங்கே? இருபத்து மூன்று மைலுக்கு அப்பால். எத்தனை மணிக்கு? காலை எட்டுக்கு. நம் ஊர் முதல் பேருந்து? ஒன்பது பத்துக்கு; அதுவும் சனிக்கிழமை கிடையாது. ஆக, மொபெட் கற்க மொபெட்டில்தான் போக வேண்டும்! இதைக் கண்டுபிடித்த மூளைக்கு ஒரு மாலை போடுங்கள்.

கடைசி வரிசையில் இருக்கிறாள் ஃபிரேயா. ஒன்பது மைல் தள்ளியுள்ள முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். சென்ற வாரம் வண்டியைத் திருப்பும்போது காலைத் தரையில் ஊன்றிவிட்டாள். “இன்னொரு நாள் வா கண்ணு” என்று பெர்னி அம்மையார் சான்றிதழ் தராமல் அனுப்பிவிட்டார். அந்த இன்னொரு நாள், வரும் சனிக்கிழமை. அதைத்தான் இன்று நீங்கள் பறிக்கப்போகிறீர்கள்.

“எங்க காலத்துல சைக்கிள்லதான்டா போனோம்!”

குறுக்கே குரல் கொடுக்கும் பெரியவரே, போனீர்கள் ஐயா. முட்டைக்கோஸ் லாரிகள் உங்கள் முழங்கையை உரசிக்கொண்டா போயின?

ஒரு கதை சொல்கிறேன். வலப்பக்கம் திரும்புமுன் தோளுக்கு மேலே கடைசியாக ஒரு பார்வை பார்க்க வேண்டும். உயிர் காக்கும் பார்வை என்பார் பெர்னி அம்மையார். ஒரு புத்திசாலி தலையைச் சடக்கென்று திருப்பினான். அம்மையார் நிறுத்தினார்.

“பின்னாடி எத்தனை விரல் காட்டினேன், சொல்லு?”

“மூணு!”

“விரலா? நான் ஆட்டினது டீ ஃபிளாஸ்க்குடா! தலை திரும்பிச்சு கண்ணு, கண்ணு திரும்பலையே. இதே நேரம் பின்னாடி லாரி வந்திருந்தா?”

யாருடா அவன் என்கிறீர்களா? பெயர் வேண்டாமே.

பெரியோர்களே, நீங்களும் தலையைத்தான் திருப்புகிறீர்கள். காலைப் பேருந்தை நிறுத்தியபோது எங்கள் பக்கம் தலையைத் திருப்பினீர்கள், கையைத் தூக்கினீர்கள். இளைஞர் மன்றத்தை மூடியபோது தலையைத் திருப்பினீர்கள், கையைத் தூக்கினீர்கள். எங்களைப் பார்த்தீர்களா? ஒரு தடவையாவது பார்த்தீர்களா? பிள்ளைகள் ஊரில் தங்குவதில்லை என்று கேக்கைக் கடித்துக்கொண்டே கண் கலங்குகிறீர்கள். தங்க விட்டீர்களா?

“அது சரிப்பா, அந்த ஹார்ன் அடிச்ச கழுதை யாரு? அதைச் சொல்லு முதல்ல!”

சொல்கிறேன் திரு. பெல். இதற்குமேல் மறைத்தால் ஃபிரேயா என்னோடு பேசமாட்டாள்.

கிளம்புமுன் ஹார்ன் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொன்னார் அம்மையார். பார்த்தேன். பிறந்தநாள் பாட்டு முழுவதையும் வாசித்துப் பார்த்தேன். இரண்டு தடவை. மூன்று விரல் என்று உளறியவனும் நான்தான். சான்றிதழா? அது இல்லை. ஒரே நாளில் முடித்தேன் என்றது உண்மை. ஆனால் முடிந்தது என் மானம். இன்று இங்கே வந்ததுகூட அம்மாவின் காரில்தான்.

பெர்னி அம்மையார் அடிக்கவில்லை ஹார்ன். ஃபிரேயா காதைப் பொத்திக்கொண்டு “நிறுத்துடா, யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணப்போறாங்க” என்று கத்திக்கொண்டிருந்தாள். எனக்குத் தடை போடுங்கள். ஒரு வருடமானாலும் நடக்கிறேன். அவளுடைய சனிக்கிழமையை அவளிடம் விட்டுவிடுங்கள்.

கை தூக்குமுன் தோளுக்கு மேலே ஒரு பார்வை, கடைசி வரிசைக்கு. கண்ணும் சேர்ந்து திரும்பட்டும்.

பொறுத்தருளிய அவைக்கு நன்றி, வணக்கம். கிளமென்டைனிடம் நாளை நேரில் மன்னிப்புக் கேட்கிறேன். சத்தமில்லாமல்.