வெள்ளிக்கிழமை நாலு மணி

மும்பையில் தாதர் தாண்டிய முலுண்ட் லோக்கல் ரயில், பெண்கள் பெட்டி. எனக்கு முன்னால் ஒரே ஆபீஸைச் சேர்ந்த இருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“வெள்ளிக்கிழமை மட்டும் ஸ்டாக் ரிப்போர்ட் நாலு மணிக்கே வரணுமாம், சுதா. யாரு கேட்டா, எதுக்குக் கேட்டான்னு ஒரு வரி எழுதி வைக்கலை. அந்த ரூலையே ப்ரோகிராம்லேர்ந்து தூக்கிட்டேன்” என்றாள் கம்ப்யூட்டர்காரி, பெருமையாக.

“அரே, அதான் இன்னிக்கு ரிப்போர்ட்டுக்காக ஆறு மணி வரைக்கும் உக்காந்திருந்தேனா! கேட்டது நான்தான்டி. ப்ரோகிராம்ல எழுதினது நீ.”

“நானா? எப்போ?”

“எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல. வெள்ளிக்கிழமை விளக்கேத்தற நேரத்துக்கு நான் வீட்ல இருக்கணும்னு.”

கம்ப்யூட்டர்காரி திருதிருவென்று விழித்தாள். “ஐயையோ. திங்கக்கிழமை திரும்பப் போட்டுடறேன்.”

“போடு. கேட்டது யாருன்னும் பக்கத்துலயே எழுதிடு.”

“சுதான்னா?”

“என் மாமியார்னு. அப்புறம் யாரு கை வைக்கறான்னு பாப்போம்.”