ஒம்பது தரம் சொன்ன பல்லி

இல்லைத் தம்பி, குறை நினைக்காதையுங்கோ, அது பெரிய பிழை. தமிழர் ரெண்டாயிரம் வருசமா விடுற பிழை. பல்லி மனிசருக்கு ஒண்டும் சொல்லுறதில்லை. உங்கட அம்மா வீடு வாங்கிற கதை கதைக்கேக்கை பல்லி சொன்னது வீட்டைப் பற்றி இல்லை. இது என்ர சுவர், நீ அங்காலை போ எண்டு பக்கத்துப் பல்லிக்குச் சொன்னது. அவ்வளவுதான். நான் ஒட்டுக்கேக்கேல்லை, நீங்கள்தான் ரெலிபோனை ஸ்பீக்கரிலை போட்டனீங்கள். பஸ் தரிப்பிலை ஒரே வாங்கிலை ரெண்டு பேர் இருந்தால் ரெண்டு பேருக்கும்தானே கேக்கும்.

இன்னொண்டு. பல்லி விழுற பலன் வேறை, பல்லி சொல்லுற பலன் வேறை. பஞ்சாங்கத்திலை ரெண்டும் ரெண்டு பக்கம். அம்மா ரெண்டையும் குழைச்சுப்போட்டா. சாஸ்திரம் பிழையா இருக்கலாம் தம்பி, ஆனால் பிழையான சாஸ்திரத்தையும் சரியாச் சொல்ல வேணும்.

எனக்கு எப்பிடித் தெரியுமெண்டே? அதுதான் என்ர தொழில். இந்தச் சுவிசிலை, பக்கத்து ஊர் ஷ்லீரனிலை ஒரு ஆராய்ச்சி நிலையம், பதினெட்டு வருசமாப் பல்லி பாக்கிறன். முதல் அங்கை நிலம் துடைக்கத்தான் போனனான். ஒருநாள் ஒரு பல்லி கூட்டை விட்டு ஓடி வந்திட்டுது. மூண்டு விஞ்ஞானியள் வலையோடை நிண்டு வாதாடுகினம், எந்தப் பக்கத்தாலை போடுறதெண்டு. நான் துடைக்கிற வாளியைக் கவிட்டுப் பிடிச்சன். அடுத்த மாசம் எனக்கு வெள்ளைக் கோட்டு. கஜலக்சுமி எண்டு பேரும் குத்தியிருந்தது.

உங்கட பேர்? பரணிதரனோ. வடிவான பேர். ஊர் கும்பகோணமோ? நல்லது, நல்லது.

ஓம், பட்டுச்சீலை கலியாணத்துக்குத்தான். மேலை ஜக்கெற் குளிருக்கு. இஞ்சைதான், இந்த டீட்டிகோன் ஊர்க் கலியாணப் பதிவுக் கந்தோரிலை, மேல்மாடியிலை, பதினொண்டு இருவதுக்கு. இன்னும் இருவத்தைஞ்சு நிமிசம் கிடக்கு. பொம்பிளை ஆரெண்டே? பொறுங்கோ. முதல் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை விலங்கியல் விஞ்ஞானி, ஜேர்மன்காரர். டொக்டர் ஊவே. பிறந்தது ரொஸ்ரொக் எண்ட கடற்கரைப் பட்டினம். அந்த நாளையிலை கிழக்கு ஜேர்மனி. தேப்பன் துறைமுகத்திலை கிரேன் ஓட்டினவர். உலகத்துக் கப்பலெல்லாம் வாசலுக்கு வரும், ஏறித்தான் போகேலாது. அப்பிடி வந்த ஒரு வாழைக்குலைக்குள்ளை ஒரு பல்லி. ஒம்பது வயதிலை மனிசன் அதை ஜாம் போத்திலுக்கை விட்டு வளத்திருக்கிறார். அது ச்சு ச்சு எண்டு சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுக்காரன் களவா வயர்லெஸ் தட்டுறான் எண்டு தேப்பன் ஆறு மாசம் அவனோடை கதைக்கேல்லையாம்!

பேர்லின் சுவர் விழேக்கை ஊவேக்கு முப்பதைத் தொடுற வயது. எல்லாரும் மேற்கு ஜேர்மனிக்குக் கார் பாக்க ஓடிச்சினம், இவர் கொழும்புக்கு ரிக்கெற் எடுத்தவர். கண்டியிலை ஒம்பது வருசம். யுத்த காலம், லைற் கம்பத்துக்குக் கீழை மைக்கை நீட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரன் நிண்டால் பொலிஸ் மறிக்குமோ இல்லையோ? பல்லியைப் பதிவு செய்யிறன் எண்டால் ஆர் நம்புறது? டேப்பைப் போடு எண்டாங்களாம். போட்டார். பல்லி சொல்லிச்சுது. ஒரு பொலிஸ்காரன், பல்லி சொன்னால் தட்டுற பழக்கத்திலை, தன்னை அறியாமல் மேசையிலை மூண்டு தரம் தட்டினானாம். அதோடை விட்டுட்டாங்கள்.

பிறகு சுவிஸ். வந்து இருவத்தாறு வருசம். ஆனால் தம்பி, இந்த நாட்டிலை ஜேர்மன்காரனும் வெளிநாட்டுக்காரன்தான், தெரியுமே? அவர் அந்தச் சுத்த ஜேர்மனிலை ரெலிபோன் எடுத்தால் அங்காலை ஆளின்ர முகம் இறுகிறது இஞ்சாலை கேக்கும். அதாலை பைப் உடைஞ்சால் என்ன, பல்லு நொந்தால் என்ன, நான்தான் எடுக்கிறது. எனக்கு இந்த ஊர்ச் சுவிஸ் ஜேர்மன் பேச்சு அப்பிடியே வாயிலை வந்திட்டுது. ஜேர்மன்காரனுக்காக ஜேர்மன் கதைக்க யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துப் பொம்பிளை! சிரிக்காமல் என்ன செய்யிறது.

இந்தத் தை மாசம் அவருக்கு அறுவத்தைஞ்சு. ஓய்வு. ரொஸ்ரொக்குக்குத் திரும்பிப் போறன் எண்டு பெட்டி கட்டினார். மூண்டு நாள் கட்டினார். நாலாம் நாள் வந்து, கஜா, அங்கை எனக்கு ஆர் ரெலிபோன் எடுக்கிறது எண்டார். அங்கை நீங்கள் கதைக்கிறது எல்லாருக்கும் விளங்கும்தானே எண்டன். அதுதான் பிரச்சினை எண்டார்.

ஓம் தம்பி. பொம்பிளை நான்தான். ஐம்பத்தேழு. வாயை மூடுங்கோ, குளிர் உள்ளுக்கை போகுது.

ஏன் இவ்வளவு காலம் கட்டேல்லை எண்டோ? எல்லாம் அண்ணையாலை. இராஜசிங்கம் எண்டு பேர். தங்கமான மனிசன், என்னை இஞ்சை கூப்பிட்டு எடுத்தவர், கோவிக்கேலாது. ஆனால் ஒரு சம்மந்தம் வந்தால், அதைக் கதைக்கிற நேரத்திலை பல்லி சொல்ல வேணும். ஊரிலை சரி. சுவிசிலை வீட்டுச் சுவரிலை பல்லிக்கு எங்கை போறது? முப்பத்திமூண்டு வருசம், பதினாலு மாப்பிள்ளை, ஒரு பல்லியும் வாய் திறக்கேல்லை.

பிறகு எனக்குப் பல்லி அறையிலை வேலை எண்டதும் அண்ணைக்குச் சொர்க்கம். சனிக்கிழமையிலை எனக்குச் சாப்பாடு கொண்டுவாற சாட்டிலை வந்து கதிரையைப் போட்டு இருந்திடுவார். கார் மாத்திறதோ, முழங்கால் ஒப்பரேசன் செய்யிறதோ, எல்லாக் கேள்வியும் அங்கைதான். ஊவே அதையெல்லாம் ஒரு கொப்பியிலை பதிஞ்சவர். கேள்வி இருநூற்றிப் பன்னிரண்டு, பதில் பதினொண்டு. அதிலை ஆறு, கதவு அடிபட்ட சத்தத்துக்கு.

என்ர விசயத்தையும் அங்கைதான் வைச்சம். ஜேர்மன்காரன் எண்டது எனக்குப் பிரச்சினை இல்லை, பல்லி சொல்லட்டும் எண்டார் அண்ணை. தேத்தண்ணிப் போத்திலோடை இருந்தார். இருவது நிமிசம். நாப்பது நிமிசம். ஊவே மூலையிலை நிண்டு வேர்க்கிறார். முப்பத்தைஞ்சு வருசம் பல்லியை ஆராய்ஞ்ச மனிசன் பல்லியைக் கும்பிட்டது அண்டைக்குத்தான். நான் கூடுகளுக்குப் பின்னாலை தண்ணி விசிறிக்கொண்டு நிக்கிறன். பதினைஞ்சாம் மாப்பிள்ளையும் போகப் போறார் எண்டு எனக்குத் தெரியுது. அண்ணை போத்திலின்ர மூடியைப் பூட்டத் தொடங்கிட்டார்.

அப்பத்தான் சொல்லிச்சுது. ச்சு ச்சு ச்சு எண்டு ஒம்பது தரம். அண்ணை கதிரைக் கையிலை மூண்டு தரம் தட்டினார். எழும்பி ஊவேயைக் கட்டிப்பிடிச்சார். செய்யுங்கோ எண்டார்.

எந்தப் பல்லி எண்டே? பாத்தியளோ, நீங்களும் விஞ்ஞானிதான். ஊவேயும் அதைத்தான் கேட்டவர். அந்த அறையிலை மைக் எப்பவும் ஓடும். பின்னேரம் பதிவைப் போட்டுப் பாத்தால், அவற்ற பல்லியள் ஏழுக்கு மேலை ஒருநாளும் சொன்னதில்லை, இது ஒம்பது. சத்தமும் ஒரு மாதிரித் தடிப்பு. புதுசாக் கண்டுபிடிச்சிட்டன் எண்டு மனிசன் துள்ளுறார்! கலியாணம் சரிவந்ததுக்குக் கூட அப்பிடித் துள்ளேல்லை. பதினெட்டுப் பக்கத்திலை கட்டுரை. அந்தச் சத்தத்தைக் கூடுகளுக்குப் போட்டுக் காட்டினால் ஆண் பல்லியெல்லாம் ஓடி ஒளிக்குதாம், ரெண்டு பெண் பல்லி மட்டும் வெளியிலை வந்து நிண்டு பாத்துதாம். லிஸ்பனிலை ஒரு மகாநாட்டுக்கு அனுப்ப வெளிக்கிட்டார். நான் என்ன செய்யிறது? நாக்கை மேலண்ணத்திலை வைச்சு இன்னொருக்காச் செய்து காட்டினன்.

ஓம். அந்தப் பல்லியும் நான்தான்.

ஊவே கோவிக்கேல்லை. நிலத்திலை இருந்து சிரிச்சார். பிறகு எழும்பிக் கேட்டார், ஏன் பத்தாம் தரம் சொல்லேல்லை எண்டு. மூச்சு முட்டிப்போச்சு எண்டன். அதையும் எழுதினவர்.

அதோடை முடிஞ்சிருக்கலாம் தம்பி. ஆனால் விஞ்ஞானி ஒரு விசயத்தைக் கண்டுபிடிச்சால் வயித்துக்கை வைச்சிருக்கமாட்டான். இண்டைக்குக் காலமை அண்ணை வீட்டிலை எல்லாரும் புட்டுச் சாப்பிடுறம். இவர் தன்ர தமிழிலை, அண்ணை, நல்ல செய்தி, பல்லி இல்லை, கஜா எண்டார். வெற்றிலை பாக்கு வைச்சுச் சொல்லுற மாதிரிச் சிரிச்சுக்கொண்டு. அண்ணை கையைக் கழுவினார். கோட்டைக் கழட்டிக் கதிரையிலை போட்டார். அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினார். வரமாட்டாராம். கதவுக்கு வெளியிலை நிண்டு நான் சொல்லாததில்லை.

இது அழுகை இல்லை, குளிருக்கு. சரி, கொஞ்சம் அழுகையும்தான்.

விசயம் என்னெண்டால், இந்தக் கந்தோரிலை ரெண்டு சாட்சி வேணும். ஒண்டு அண்ணையின்ர மகள் ஜெனனி, இன்னும் கலியாணமாகேல்லை. தேப்பனோடை சண்டை பிடிச்சுக்கொண்டு வந்து மேலை ஊவேக்குத் துணையா நிக்கிறாள். மற்றது அண்ணை. வெள்ளிக்கிழமை, எங்கட ஆக்கள் எல்லாரும் வேலையிலை, பத்துப் பேருக்கு ரெலிபோன் எடுத்துப் பாத்தன். இண்டைக்கு விட்டால் அடுத்த இடம் அஞ்சு கிழமைக்குப் பிறகு. அஞ்சு கிழமை கிடைச்சால் அண்ணை இவரையும் அந்தப் பதினாலு பேரோடை சேத்துப்போடுவார். சாட்சியின்ர பேரை மாத்தலாமோ எண்டு கந்தோர் அம்மாவைக் கேட்டன். மாத்தலாம், அடையாள அட்டையோடை ஆளைக் கொண்டுவா எண்டவ. வெளியிலை வந்து பாத்தன். வாங்கிலை ஒருத்தர் தமிழிலை பல்லியைப் பற்றிக் கதைக்கிறார்.

உங்கட வதிவிட பெமிற் காட் சட்டைப் பையிலை இருக்கோ? இருக்குத்தானே. வயது பதினெட்டு முடிஞ்சிருக்க வேணும், அது தாடியிலை தெரியுது. புத்தியும் தெளிவா இருக்க வேணுமாம், அதை நான் சொல்லிக்கொள்ளுறன். உங்கட பஸ் போனாலும், கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா வரும்.

வாங்கோ, வாங்கோ. லிப்ற் வேண்டாம், படியாலை ஓடுவம், சீலையை நான் பிடிக்கிறன்.

ஊவே, இவர் பரணிதரன். சொந்தக்காரர் எண்டு சொல்லாதையுங்கோ, உங்களுக்குப் பொய் வராது. சும்மா கையைக் குடுங்கோ.

... இதிலை, தம்பி. ஜெனனியின்ர பேருக்குக் கீழை. முழுப் பேரையும் எழுதுங்கோ, முதலெழுத்தையும் விடாமல். ஊவே, காணும், மூக்கைத் துடையுங்கோ, அந்த அம்மா பாக்கிறா.

பொறுங்கோ, என்ர போன். அண்ணைதான். ஜெனனி படம் அனுப்பினவளாம். சாட்சிக் கையெழுத்து வைச்ச பொடியனுக்கு என்ன நட்சத்திரமெண்டு கேக்கிறார்.